தொழில்நுட்ப உதவி என்று எதைக் கேட்பது? இலங்கைக் கையுறையும் கறுவாவும்

வெள்ளவத்தையான் | 2025 மார்ச் 3, இரவு 9.40

பொருட்களுக்கான தர விதிகளும் சோதனைகளும் வீண் தடையாகாமல் பார்க்கும், உலக வர்த்தக அமைப்பின் வர்த்தகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள் உடன்படிக்கை (டிபிடி) 1995 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. வளர்முக நாடு கேட்டால் மற்ற உறுப்பு நாடுகள் தொழில்நுட்ப உதவி தரவேண்டும் என்று அதன் 11ஆம் உறுப்புரை சொல்கிறது. முப்பது வருடமாகிறது. எமக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி இரண்டு நாள் பயிலரங்கும் ஒரு கோப்புறையும்தான். பெரிய ஆய்வுகூடக் கருவிகளை நேரடியாகக் கேட்டு வாங்கினால் பாதித் தடை நீங்கிவிடும் என்பது என் கணிப்பு. பிழையென்றால் எங்கே பிழை என்று சொல்லுங்கள்.

தராசு | மார்ச் 3, இரவு 11.15

பிழை கருவியிலிருந்து தொடங்குவதில் இருக்கிறது.

11ஆம் உறுப்புரையை வரிவரியாக வாசிக்கவேண்டும். கேட்டால் "இருதரப்பும் இணங்கிய நிபந்தனைகளின்படி" உதவி என்றுதான் இருக்கிறது. அதாவது கேட்பவர் எதை எழுதிக் கொடுக்கிறாரோ அதைச் சுற்றித்தான் பேச்சு நடக்கும். உட்பிரிவுகளும் வேறு வேறு தேவைக்கு. 11.2 தேசியத் தர நிறுவனம் அமைக்க. 11.3, 11.4 இணக்க மதிப்பீட்டு (பொருள் விதிக்கு ஏற்றதா என்று சோதித்துச் சான்று தரும்) அமைப்புகளுக்கு. 11.5 உற்பத்தியாளர் மற்ற நாட்டின் இணக்க மதிப்பீட்டு முறைக்குள் நுழைய. 11.8 மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகளுக்கு முன்னுரிமை. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே எமது விண்ணப்பம் தன் தெளிவினால்தான் முன்னுக்கு வரவேண்டும்.

தேவைகளை அறிவிப்பதற்கென்று டிபிடி குழு 2005இல் ஒரு படிவத்தையே ஏற்றுக்கொண்டது. விரும்பிய நாடு நிரப்பலாம். அதில் "ஆய்வுகூடத்தை வலுப்படுத்தல்" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய ஏலாது. எந்தப் பொருள், எந்தச் சந்தை, எந்தச் சோதனை, இன்று அந்த அறிக்கையை யார் ஏற்க மறுக்கிறார்கள், ஏன். இந்த ஐந்தும் இல்லாத தேவை பயிலரங்காகத்தான் திரும்பி வரும்.

வெள்ளவத்தையான் | மார்ச் 4

சரி, இறப்பர் கையுறையை எடுத்து எழுதிக் காட்டுங்கள். எச்எஸ் (சுங்கப் பொருள் வகை எண்) 4015. எமது சொந்த இறப்பர்ப் பால், சொந்தத் தொழிற்சாலை.

தராசு | மார்ச் 4, மாலை

மருத்துவப் பரிசோதனைக் கையுறை என்றே வைப்போம். ஐரோப்பாவுக்கு ஈஎன் 455 என்ற ஐரோப்பிய நியமத் தொடர்.

துளைச் சோதனை: கையுறையை நிலைக்குத்தான குழாயில் மாட்டி 1000 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றவேண்டும். ஊற்றியவுடன் ஒருமுறை பார்ப்பது, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. விரல்களுக்கு இடைப்பட்ட கவட்டில்தான் பெரும்பாலும் கசியும். தண்ணீர் அறை வெப்பநிலையில் இருக்கவேண்டும். குளிர்ந்த நீரை ஊற்றினால் எங்கள் ஈரக் காற்றில் கையுறையின் வெளிப்புறம் வியர்க்கும். அந்தத் துளியைக் கசிவென்று எண்ணி நல்ல தொகுதியைத் தள்ளிவிடுவார்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு சட்டகம், குழாய்கள், அளவுக் குவளை, மணிக்கூடு போதும். விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். ஆனாலும் இங்கேதான் அதிகம் சறுக்குகிறது, மாதிரி எடுப்பதில். ஒரு இலட்சம் கையுறைத் தொகுதிக்கு ஐஎஸ்ஓ 2859-1 என்ற மாதிரியெடுப்பு நியமத்தின் அட்டவணையில் பொது ஆய்வு நிலை 1 என்றால் குறியெழுத்து எல், மாதிரி 200. ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை மட்டம், சதவீதத்தில்) 1.5 என்றால் 7 கசிவு வரை ஏற்பு, 8 வந்தால் நிராகரிப்பு. ஏக்யூஎல் 2.5 என்றால் 10 வரை ஏற்பு, 11 நிராகரிப்பு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிசோதனைக் கையுறைக்கு வைத்திருப்பது 2.5. ஐரோப்பிய நியமத்தில் 1.5. ஆகவே 9 கசிவுள்ள ஒரே தொகுதி அமெரிக்காவுக்குப் போகலாம், ஐரோப்பாவுக்குப் போகாது.

அந்த 200ஐ ஒரே பெட்டியிலிருந்து எடுத்தால் கணக்கு முழுக்கப் பொய். கையுறை உருவாகும் அச்சு வரிசை ஒன்றில் அழுக்கேறிய அச்சுகள் இருந்தால் துளைகள் கும்பலாக வரும். பெட்டிகள் முழுவதும் பரவி எடுக்கவேண்டும்.

தராசு | மார்ச் 4, இரவு

இழுவிசை விடுபட்டுவிட்டது. பரிசோதனைக் கையுறையில் அறுபடும் விசையின் இடைநிலை 6 நியூட்டனுக்குக் குறையக்கூடாது, அறுவைச் சிகிச்சைக் கையுறையில் 9. புதிதாகவும் பார்க்கவேண்டும், 70 பாகையில் 7 நாள் வைத்துப் பழுதாக்கியும் பார்க்கவேண்டும்.

மூன்று இடத்தில் கெடுகிறது. மாதிரித் துண்டை வெட்டும் அச்சுக் கத்தி மழுங்கினால் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், துண்டு அங்கேயே அறுந்துபோகும், எண் குறைந்து வரும். கவ்வியில் துண்டு வழுக்கினால் எண் ஒரு சீருக்கு வராது. மூன்றாவது அடுப்பு. வெப்பநிலைக் காட்டியில் 70 என்று இருக்கும், உள்ளே பின்மூலையில் 73 இருக்கும். அடுப்புக்குள் ஒன்பது இடத்தில் உணர்வான் வைத்து அளந்த வரைபடம் இல்லாத அடுப்பின் பெறுபேறு செல்லாது.

மின்சாரத்தையும் தேவைப் பட்டியலில் எழுதவேண்டும். 168 மணித்தியாலம் தொடர்ச்சியாக ஓடவேண்டிய சோதனை அது. 2022இல் நாளுக்குப் பல மணி மின்வெட்டு இருந்தபோது இப்படி ஒரு சோதனையை முடிப்பது எவ்வளவு பாடு என்று எண்ணிப் பாருங்கள். அடுப்பைக் கேட்பவர் அதைத் தாங்கும் மின்பிறப்பாக்கியையும் தானியங்கி மாற்றியையும் சேர்த்துக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் தருபவருக்கு அது தோன்றவே தோன்றாது.

பால்வெட்டு | மார்ச் 5

ஒவ்வாமை தரும் கரையும் புரதத்தை விட்டுவிட்டீர்கள் அண்ணை. இயற்கை இறப்பருக்குப் பெரிய தலையிடி அதுதான். லோரி என்ற புரத அளவீட்டு முறையை மாற்றியமைத்து அளப்பது, ஈஎன் 455-3. நைட்ரைல் கையுறைக்காரருக்கு அந்தக் கவலையே இல்லை. புரதம் கூடினால் ஆய்வுகூடத்தில் திருத்த முடியாது. கழுவும் தொட்டியில் நீர் போதுமா, சூடு போதுமா, எவ்வளவு நேரம் தோய்கிறது, தொட்டி நீரை எத்தனை தடவை மாற்றுகிறார்கள் என்று அங்கே போய்ப் பார்க்கவேண்டும். உதவி என்று கேட்டால் தொழிற்சாலைக்குள் வரும் உதவியையும் கேளுங்கள்.

தராசு | மார்ச் 5

உண்மை. அதைச் சேர்க்கிறேன். கையுறை ஒன்றுக்குத் தூள் மிச்சம் 2 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பதும் அதே கழுவலில்தான் தங்கியிருக்கிறது.

வெள்ளவத்தையான் | மார்ச் 6

அப்படியென்றால் ஆய்வுகூடத்துக்கு ஐஎஸ்ஓ/ஐஈசி 17025 (ஆய்வுகூடத் திறமைக்கான நியமம்) அங்கீகாரம் எடுத்துவிட்டால் ஐரோப்பியக் கதவு திறந்துவிடும்?

தராசு | மார்ச் 6

திறக்கும். இலங்கை அங்கீகாரச் சபை ஐலாக் என்ற சர்வதேச ஆய்வுகூட அங்கீகார அமைப்பின் பரஸ்பர ஏற்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற சோதனை அறிக்கை வெளியே செல்லும்.

தராசு | மார்ச் 8

மேலே எழுதியது அரைகுறை. இதைப் பார்த்து யாரும் முடிவெடுத்துவிடக்கூடாது, திருத்துகிறேன்.

ஒரே கையுறை எந்தப் பெயரில் விற்கப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். கிருமி நீக்காத பரிசோதனைக் கையுறை, 2017/745 மருத்துவச் சாதன ஒழுங்கின் கீழ் முதலாம் வகுப்பு. உற்பத்தியாளரே இணக்கப் பிரகடனம் செய்யலாம், ஐரோப்பாவில் ஒரு அதிகாரம் பெற்ற பிரதிநிதி இருக்கவேண்டும். இங்கே எமது 17025 அறிக்கை தொழில்நுட்பக் கோப்புக்குள் நேரே போகும். கிருமி நீக்கியதென்றால் அந்தக் கிருமிநீக்கப் பகுதிக்கு ஐரோப்பிய அறிவிக்கப்பட்ட அமைப்பு (அரசு அதிகாரம் தந்த சான்றளிப்பு நிறுவனம்) வரவேண்டும். அறுவைச் சிகிச்சைக் கையுறை 2ஏ வகுப்பு. அதற்கும் அப்படியே.

அதே கையுறையை இரசாயனம், கிருமி தடுக்கும் பாதுகாப்புக் கையுறை என்று விற்றால் 2016/425 பாதுகாப்புச் சாதன ஒழுங்கில் மூன்றாம் வகை. மாதிரிப் பரிசோதனைச் சான்றிதழை அறிவிக்கப்பட்ட அமைப்புத்தான் தரும், ஆண்டுதோறும் கண்காணிப்பும் அதனுடையது. எமது அங்கீகாரம் எவ்வளவு நல்லதென்றாலும் அந்த இடத்தில் அமர முடியாது. அந்த அமைப்பு எமது ஆய்வுகூடத்தைத் தன் துணை ஆய்வுகூடமாக ஏற்றால் மட்டும் மாதிரிகளை விமானத்தில் அனுப்பும் செலவு குறையும்.

ஆகவே தேவை இரண்டு. முதலாவதற்கு 17025 அங்கீகாரம், அதை ஐந்து வருடம் காப்பாற்றும் செலவு. இரண்டாவதற்கு ஒரு அறிவிக்கப்பட்ட அமைப்போடு உடன்பாடு, அதற்கான ஒப்பீட்டுச் சோதனைகள். 11.5இன் கீழ் கேட்கவேண்டியது இந்த இரண்டாவதைத்தான். அதை எழுதிக் கேட்பவர் குறைவு என்பதே என் ஆதங்கம்.

கறுவாத்தோட்டம் | மார்ச் 11

கையுறையிலேயே நிற்கிறீர்கள். கறுவாவுக்கு வாருங்கள். கந்தகப் புகையூட்டுவதால் அதில் தங்கும் கந்தகடைஒக்சைட்டு மட்டம் டிபிடியா, எஸ்பிஎஸ்ஸா (உணவுப் பாதுகாப்பு, விலங்கு, தாவர நல உடன்படிக்கை)?

தராசு | மார்ச் 11

எஸ்பிஎஸ். உணவில் சேர்க்கையின் அளவால் மனித உயிருக்கு வரும் ஆபத்தைப் பற்றிய விதி என்பதால் டிபிடியின் உறுப்புரை 1.5 அதை வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் அதே கறுவாவின் தரப்பிரிவு, பொதி, பெயர், முகப்புச்சீட்டு எல்லாம் டிபிடி. அல்பா என்ற மெல்லிய உயர்தர வகை என்றால் குழலின் விட்டம் 6 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது, கிலோவுக்கு 45 குழலுக்குக் குறையக்கூடாது என்ற கணக்கு டிபிடிப் பக்கம். ஒரே பொதிக்குள் இரண்டு உடன்படிக்கை இருக்கிறது.

எதன் கீழ் கேட்கிறோம் என்பதில் காசு இருக்கிறது. எஸ்பிஎஸ் பக்கத்தில் எஸ்டிடிஎஃப் என்ற தனி நிதியம் உண்டு. உலக வர்த்தக அமைப்பு, ஐ.நா. உணவு, விவசாய அமைப்பு (எஃப்ஏஓ), உலக சுகாதார அமைப்பு, உலக விலங்குச் சுகாதார அமைப்பு, உலக வங்கி ஆகியவை சேர்ந்து நடத்துவது. ஐ.நா. கைத்தொழில் அபிவிருத்தி அமைப்பான யுனிடோவோடு சேர்ந்து அது செய்த கறுவாத் திட்டத்தில்தான் கொஸ்கொடவில் கறுவாப் பயிற்சிக் கழகம் எழுந்தது. டிபிடி பக்கத்தில் இதற்குச் சமமான பொது நிதியம் இல்லை. யுனிடோ, ஜெர்மன் அளவையியல் நிறுவனமான பிடிபி போன்றோரைத் திட்டம் திட்டமாகப் பிடிக்கவேண்டும். ஆகவே கறுவா போன்ற பொருளில் எஸ்பிஎஸ் வாசலால் வரும் ஆய்வுகூடத்தை டிபிடிக்கும் பயன்படும்படி முதலிலேயே வரைந்துவிடுவது கெட்டித்தனம்.

கறுவாத்தோட்டம் | மார்ச் 12

சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸில் கந்தகடைஒக்சைட்டு 150 மில்லிகிராம்/கிலோ. ஐரோப்பாவும் இலங்கைக் கறுவாவுக்கு அதே எண். ஆனால் இங்கே 140 என்று வந்த சரக்கு அங்கே 160 என்று வருகிறது. யாரை நம்புவது?

தராசு | மார்ச் 12, நள்ளிரவு

இதற்கு நீளமாகத்தான் எழுதவேண்டும்.

முதலில் பொதியைப் பாருங்கள். மூடிய அறையில் கந்தகம் எரித்துப் புகையூட்டும்போது வெளிக் குழல்கள் நிறைய உறிஞ்சும், நடுக் குழல்கள் குறைவாக. ஒரு பொதியின் மேற்பகுதியில் எடுத்த மாதிரியும் நடுவில் எடுத்த மாதிரியும் ஒன்றாக இருக்காது. பல பொதியிலிருந்து, மேல், நடு, அடி என்று எடுத்து, ஒன்றாக அரைத்து, அரைத்தவுடன் இறுக மூடவேண்டும். அரைத்த தூளைத் திறந்து வைத்தால் வாயு போய்விடும், எண் குறையும். இங்கே 140 வந்ததற்கு இதுவும் காரணமாகலாம்.

இரண்டாவது, சோதனை முறை. மேம்படுத்திய மோனியர்-வில்லியம்ஸ் என்ற கந்தகடைஒக்சைட்டு அளவீடு: 50 கிராம் மாதிரி, 4 நோர்மல் (கரைசலின் செறிவு அலகு) ஐதரோகுளோரிக் அமிலம் 90 மில்லிலீற்றர், நைதரசன் நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றர், ஒன்றேமுக்கால் மணித்தியாலம் கொதிப்பு. வெளிவரும் வாயு 3 சதவீத ஐதரசன் பரொட்சைட்டில் பிடிபட்டுச் சல்பூரிக் அமிலமாகும். அதை மெதைல் சிவப்பு மஞ்சளாகும் வரை 0.01 நோர்மல் சோடியம் ஐதரொட்சைட்டால் நியமிப்பது (துளித்துளியாக விட்டு அளப்பது). சரியாக 150 உள்ள மாதிரிக்கு 23.4 மில்லிலீற்றர் இறங்கும்.

இப்போது அந்தச் சோடியம் ஐதரொட்சைட்டுப் போத்தலைப் பாருங்கள். திறந்து திறந்து மூடுவதால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி வலு குறைந்திருக்கும். உண்மையில் 0.0095 ஆக இருக்கிறது, தாளில் 0.0100 என்று இருக்கிறது என்று வைப்போம். உண்மையில் 145 உள்ள சரக்குக்கு 23.8 மில்லிலீற்றர் இறங்கும், கணக்கில் 152.6 வரும். நல்ல சரக்கு தோற்றுவிடும். வாரம் ஒருமுறை அதன் வலுவை அளந்து நியமப்படுத்தினால் தீர்கிற விடயம். நைதரசன் குழாயில் ஒரு மூட்டு கசிந்தால் எதிர்த்திசையில் பிழை, எண் குறையும். கெட்ட சரக்கு இங்கே பாஸாகி அங்கே நிற்கும்.

நீராவியோடு வரும் வேறு அமிலங்களும் நியமிப்பில் கந்தகமாகவே எண்ணப்படும். சந்தேகமென்றால் அதே கரைசலில் பேரியம் குளோரைட்டு ஊற்றி, பேரியம் சல்பேற்றாக வீழ்த்தி, நிறுத்துப் பார்க்கவேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால்தான் வாங்குபவரோடு வாதிடலாம்.

தராசு | மார்ச் 13

நேற்று சொல்லாமல் விட்டது, தேர்ச்சி ஒப்பீட்டுச் சுற்று. ஒரே மாதிரியைப் பல நாட்டு ஆய்வுகூடங்கள் சோதித்து எண்ணை அனுப்பும். இசட் மதிப்பு (ஒத்துக்கொண்ட எண்ணிலிருந்து எவ்வளவு விலகல் என்ற அளவு) 2க்குள் என்றால் நல்லது, 2க்கும் 3க்கும் இடையில் கவனம், 3ஐத் தாண்டினால் தோல்வி. இங்கே 140, அங்கே 160 என்ற சண்டையில் இரு ஆய்வுகூடத்தின் கடந்த சுற்றுகளின் இசட் மதிப்பைக் கேட்டாலே பாதி விளங்கிவிடும். ஒரு சுற்றுக்கான கட்டணமும் விமானச் செலவும் சிறிய ஆய்வுகூடத்துக்குச் சுமை. உதவிப் பட்டியலில் நான் முதல் வரியில் போடுவது இதைத்தான். கருவிக்கு முன்னால்.

வெள்ளவத்தையான் | மார்ச் 15

கருவிக்கு முன்னாலா?

தராசு | மார்ச் 15

ஆம். கருவி வந்து இறங்கும் நாளில் எல்லாம் இருக்கும். இரண்டாம் வருடம் இழுவிசை அளக்கும் விசைமானியின் அளவுத்திருத்தம் காலாவதியாகும். மூன்றாம் வருடம் பயிற்சி பெற்றவர் வேறு வேலைக்குப் போவார். அறிக்கையில் கையொப்பமிட அதிகாரம் பெற்றவர் இல்லாத சோதனையை அங்கீகார எல்லையில் வைத்திருக்க முடியாது. அதனால் சோதனை ஒன்றுக்கு இரண்டு பேருக்குப் பயிற்சி, ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், மேற்கோள் பொருட்கள் (அளவு ஏற்கெனவே தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகள்), வருடம் இரண்டு ஒப்பீட்டுச் சுற்று, உதிரி விசைமானி ஒன்று, இவை எல்லாம் கருவியோடு ஒரே வரியில் வரவேண்டும். தருபவர் "நடைமுறைச் செலவுக்குக் கொடுப்பதில்லை" என்றால் அந்தச் செலவை எந்த அமைச்சின் வரவுசெலவிலிருந்து எடுப்பது என்று விண்ணப்பத்திலேயே எழுதவேண்டும்.

பால்வெட்டு | மார்ச் 19

ஐரோப்பிய காடழிப்பு ஒழுங்கு 2023/1115 பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன் இறப்பர் பட்டியலில் 4015 இருக்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்திலிருந்து பால் வரக்கூடாது. 4 ஹெக்டேயருக்குக் கூடிய காணிக்கு எல்லைக்கோடு, அதற்குக் குறைந்ததற்கு ஒரு புள்ளியின் அகலாங்கும் நெட்டாங்கும் போதும், ஆறு தசமத்தில். எமது சிறு தோட்டக்காரர் பெரும்பாலும் புள்ளிதான். ஆனால் சேகரிப்பு நிலையத்தில் பத்துப் பேரின் பால் ஒரே தாங்கிக்குள் போகிறது.

தராசு | மார்ச் 19

அந்தத் தாங்கிதான் முழுச் சிக்கலும். கலந்துவிட்டால் கலந்திருக்கக்கூடிய அத்தனை காணியின் புள்ளியும் கொடுக்கவேண்டும். ஒருவரின் புள்ளி இல்லையென்றால் தாங்கி முழுவதும் போய்விடும். இதற்குக் கேட்கவேண்டிய உதவி ஆய்வுகூடம் அல்ல. சேகரிப்பு நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு பதிவுப் புத்தகம் அல்லது கைப்பேசிச் செயலி, தமிழிலும் சிங்களத்திலும், இணையம் இல்லாதபோதும் வேலை செய்வதாக. பதிவானவரின் பாலுக்கும் பதிவாகாதவரின் பாலுக்கும் இரண்டு தாங்கி. அமலாகும் நாள் முதலில் 2024 டிசம்பர் 30 என்றிருந்தது. பிறகு பெரிய நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 30, சிறியவற்றுக்கு 2026 ஜூன் 30 என்று தள்ளிப்போனது.

வெள்ளவத்தையான் | ஏப்ரல் 2

இவ்வளவையும் முன்கூட்டி அறிந்துகொள்வது எப்படி? விதி வந்தபின் ஓடுவதே எமது வழக்கமாகிவிட்டது.

தராசு | ஏப்ரல் 2

ஈபிங் என்ற இணையத்தளம், நாடுகள் அறிவிக்கும் புதிய விதிகளைத் தருவது. காசில்லை. பெயர் பதிந்து, 4015, 0906 (கறுவா) என்று எச்எஸ் எண்ணைக் கொடுத்து, சந்தைகளைத் தெரிவுசெய்தால் மின்னஞ்சலில் வரும். 2023இல் மட்டும் டிபிடி அறிவித்தல்கள் 4,000ஐத் தாண்டின. எண் கொடுத்து வடிகட்டாதவர் ஒரு கிழமையில் வாசிப்பதை நிறுத்திவிடுவார்.

கருத்துச் சொல்ல 60 நாள் தரவேண்டும் என்பது டிபிடி குழுவின் பரிந்துரை. அறிவித்தல் சுற்றுக்கு விடப்பட்ட நாளிலிருந்து அது ஓடுகிறது, நீங்கள் மின்னஞ்சலைத் திறந்த நாளிலிருந்து அல்ல. மொழிபெயர்ப்பு, தொழிற்சாலைக் கூட்டம் எல்லாம் முடிந்து கொழும்பில் டிபிடி விசாரணை மையமான (டிபிடி அறிவித்தல்களுக்கான தேசியத் தொடர்பிடம்) இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்துக்குக் கருத்துப் போய்ச் சேரும்போது 55 நாள் போயிருக்கும். முதல் கிழமையிலேயே கால நீடிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள். விதி வெளியாகி அமலாகும் வரை வழக்கமாகக் குறைந்தது 6 மாதம் தரவேண்டும் என்ற, உலக வர்த்தக அமைப்பின் 2001 டோஹா மாநாட்டு முடிவையும் அதே கடிதத்தில் சுட்டிக்காட்டலாம்.

தராசு | ஏப்ரல் 3

மறுபடி யோசித்தேன். கருவி, அங்கீகாரம் என்று மேலே எழுதிய எல்லாவற்றையும்விட மலிவான தேவை இதுதான்: விசாரணை மையத்தில் இரண்டு பேர், ஒருவர் இறப்பரும் மற்றவர் உணவும் அறிந்தவர், வரும் அறிவித்தலை வாசித்து "இது கையுறைக்காரரைப் பாதிக்கும், 3ஆம் பக்கம் பாருங்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் அரைப் பக்கம் எழுதி அனுப்பவேண்டும். இது மார்ச் 3ஆம் திகதியே முதலில் எழுதியிருக்கவேண்டியது.

வெள்ளவத்தையான் | ஏப்ரல் 6

என் பழைய வரைவில் "இறப்பர்ச் சோதனை வசதிகளை நவீனமயப்படுத்தல்" என்று இருந்தது. இப்போது இப்படி:

"இயற்கை இறப்பர் பரிசோதனைக் கையுறை, எச்எஸ் 4015, ஐரோப்பிய ஒன்றியம். ஈஎன் 455 பகுதி 1, 2, 3 சோதனைகளை 17025 அங்கீகார எல்லைக்குள் 18 மாதத்தில் கொண்டுவருதல். சோதனை ஒன்றுக்கு இருவர், வருடம் இரண்டு ஒப்பீட்டுச் சுற்று, ஐந்து வருடம். 70 பாகை அடுப்புக்கு மின்பிறப்பாக்கி. மூன்று தொழிற்சாலையின் கழுவும் தொட்டியில் புரதக் குறைப்புக்கு ஆலோசகர், தொழிற்சாலைக்கு 10 நாள். மூன்றாம் வகைப் பாதுகாப்புக் கையுறைக்கு ஒரு அறிவிக்கப்பட்ட அமைப்போடு துணை ஆய்வுகூட உடன்பாடு."

தராசு | ஏப்ரல் 6

நல்லது. 18 மாதம் இறுக்கம், 24 என்று போடுங்கள். அங்கீகார மதிப்பீட்டுக்கு முன் குறைந்தது ஒரு ஒப்பீட்டுச் சுற்றின் பெறுபேறு கையில் இருக்கவேண்டும், சுற்றுகள் நாங்கள் நினைத்த மாதத்தில் வருவதில்லை. முடிவை எப்படி அளப்பது என்பதையும் சேருங்கள். "பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை" வேண்டாம். "ஐரோப்பாவில் மறுசோதனை இல்லாமல் ஏற்கப்பட்ட அறிக்கைகளின் எண்ணிக்கை" என்று எழுதுங்கள்.

தராசு | 2026 ஜனவரி 6

தேடி வருபவர்களுக்காக ஒரு திருத்தம். மார்ச் 19இல் எழுதிய காடழிப்பு ஒழுங்கின் நாட்கள் மீண்டும் ஓராண்டு தள்ளிப்போயின: 2026 டிசம்பர் 30, சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30. இரண்டு தாங்கி வேலையை அதற்காக நிறுத்தவேண்டாம்.